ஏரிக்கரைக்குக் கூப்பிட்ட லட்சணம்

முதலில் என் மனசை முறித்தது என் சம்பந்தி நாகலிங்கம்தான் தம்பி. ஈரோட்டுக்காரர். கரண்ட் ஆபீசில் பெரிய வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். அவர் பேரை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகன் பாண்டீஸ்வரன் செய்தது அதற்கு அப்புறம். எது பெரிசு என்று கேட்டால் மகன் செய்ததுதான் பெரிசு. ஆனால் ஆரம்பித்து வைத்தவர் பேர் விட்டுப்போகக் கூடாது இல்லையா?

பெட்டி உங்கள் காலை இடிக்கிறதா? இருங்கள், இந்தப் பக்கம் தள்ளிக்கொள்கிறேன். அமெரிக்காவிலிருந்து வருகிறேன். காலையில்தான் மதுரையில் இறங்கினேன். நான் அங்கே கிளம்புவதற்கு முன்னால் என் அண்ணன் மகன் போனில், "சித்தப்பா, கார் எடுத்துட்டு வரட்டா?" என்று கேட்டான். "ஒனக்கு எதுக்குய்யா செரமம், நான் பஸ்ல வந்துக்கிறேன்" என்றேன். "சரி சித்தப்பா" என்று வைத்துவிட்டான். பாருங்கள், அவ்வளவுதான் பாசம். இப்போது ரெண்டு பெட்டியோடு கம்பம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிறேன். கண்டக்டர் வேறு லக்கேஜுக்கு முறைத்துவிட்டுப் போகிறான்.

நீங்கள் எதுவரை? சின்னமனூரா? சரி, நேரம் இருக்கிறது. கேளுங்கள்.

என் பேர் மொக்கச்சாமி. சிரிக்காதீர்கள். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேர் இந்தப் பேரில் இருப்பார்கள். சம்பந்தி முதல்முதலாக இந்தப் பேரைக் கேட்டபோது துண்டால் வாயை மூடிக்கொண்டார். அதையும் நான் மறக்கவில்லை. சொந்த ஊர் சுருளிப்பட்டி. நாற்பத்திரண்டு வருஷம் பன்னீர் திராட்சை போட்டவன். கல்லுக்கால் ஊன்றி, கம்பி இழுத்து, பந்தல் போட்டு ஏற்றின கொடி. பள்ளிக்கூடத்தில் நாலாவதோடு சரி. ஆனால் ஒரு கொடியைக் காட்டினால், எந்தக் கணுவில் கவாத்து வெட்டினால் எத்தனை குலை இறங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். கம்பம் பள்ளத்தாக்கில் என்னைக் கேட்டுத்தான் வெட்டுவார்கள். கேட்காத ஆள் ஒரே ஆள்தான். என் மகன்.

அவன் படிப்புப் பக்கம் போய்விட்டான். பந்தலுக்குள் வரவே மாட்டான். வந்தாலும் புத்தகத்தோடு வருவான். எனக்கு அது குறைதான், ஆனால் வெளியே சொன்னதில்லை. பதினைந்து வருஷமாக அமெரிக்காவில் இருக்கிறான். ஈரோட்டுப் பெண், நித்யகலா, கூட வேலை பார்த்தவள், அவளையே கட்டிக்கொண்டான். எட்டு வயசில் ஒரு பேத்தி, இனியா.

ஒரு நாள் போனில் அவனாகவே சொன்னான். "அப்பா, இங்க எங்க வீட்டுல இருந்து அஞ்சு மணி நேரம் ஓட்டினா ஏரி ஏரியா இருக்குப்பா. விரல் மாதிரி நீள நீளமா. கரை முழுக்கத் திராட்சைத் தோட்டம். ஒயின் போடுறாங்க, பீர் காய்ச்சுறாங்க, சனம் கூட்டம் கூட்டமா வந்து பாத்துட்டுப் போகுது. நீங்க ஒருதடவ பாக்கணும்ப்பா."

நீங்க பாக்கணும்ப்பா. இந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் நாலு வருஷம் ஓட்டினேன் தம்பி. கொடி வெட்டும்போது நினைப்பேன், மருந்தடிக்கும்போது நினைப்பேன். எனக்கு ஏரியும் வேண்டாம், ஒயினும் வேண்டாம். அந்தத் தோட்டத்து வரிசைக்குள் என் மகன் என் பக்கத்தில் நடந்து வரவேண்டும். "இது ஏன்ப்பா இப்படி வெட்டியிருக்கான்?" என்று ஒரு தடவை அவன் என்னைக் கேட்கவேண்டும். நான் சொல்லவேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. இதை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் முதல்முதலாகச் சொல்கிறேன்.

போன தை மாசம் என் வீட்டுக்காரி ஒச்சம்மா போய்விட்டாள். நெஞ்சுவலி. காலையில் கோலம் போட்டாள், மதியம் இல்லை. பாண்டி வந்து கொள்ளி வைத்துவிட்டு, பதினாறாம் நாள் காரியம் முடித்து, "தனியா இருக்க வேணாம்ப்பா" என்றான். நான் முதலில் வரமாட்டேன் என்றேன். அவன் ரெண்டு தடவை கேட்டான், மூன்று தடவை கேட்டான், அண்ணன் வீட்டில் சொல்லிக் கேட்டான். சரி என்று வைகாசியில் கிளம்பினேன். அதுதான் கூப்பிடுகிற முறை. அன்றைக்கு அவனுக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்காவில் போய் இறங்கியதும் மறந்துவிட்டது.

ஆடியில் சம்பந்தி வீட்டார் வந்தார்கள். வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவர் குரல்தான். "ஏனுங்க மாப்ள" என்று ஆரம்பித்தால் முடிக்க மாட்டார். பேத்தியும் அந்தத் தாத்தாவிடம்தான் ஓடுவாள், அவர் போனில் படம் போட்டுக் காட்டுவார். நான் பேசாமல் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பேன். இருக்கட்டும், அதைக்கூட விட்டுவிடலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எல்லாரும் இட்லி சாப்பிட்டு எழுந்திருக்கவில்லை. பாண்டி லேப்டாப்பைத் திறந்து, "செப்டம்பர் கடைசியில போனா பழம் வெட்டுற சமயம். மூணு நாள், ஏரிக்கரையிலயே வீடு எடுத்துத் தங்கலாம்" என்றான். நாலு வருஷம் நினைத்தது. சம்பந்தி உடனே தினக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார். முதல் நாள் ரெண்டு ஒயின் தோட்டம். ரெண்டாம் நாள் ஒரு அருவி, அப்புறம் பீர் காய்ச்சுகிற இடம்.

"ஏனுங்க மாப்ள, அந்தப் பீர்க்காரன் காச மட்டும் வாங்கிட்டு மோந்து பாக்கச் சொல்லிருவானுங்களா, இல்ல குடிக்கக் குடுப்பானுங்களா?"

"சின்னச் சின்னக் கிளாஸ்ல நாலு வகை குடுப்பாங்க மாமா."

"நாலுதானுங்களா? அப்ப நாலு எடத்துக்குப் போலாமுங்க."

சம்பந்தியம்மா தலையில் அடித்துக்கொண்டார். "பேத்தி முன்னாடி பேசற பேச்சப் பாரு." எல்லாருக்கும் சிரிப்பு. நானும் சிரித்தேன், நான் ஒன்றும் முசுடு இல்லை.

அப்போதுதான் அந்த மனுஷன் சொன்னார். "நம்ம சம்பந்திக்கு இதெல்லாம் எதுக்குங்க? ஆயுசு பூரா திராட்சையப் பாத்துச் சலிச்சவரு. அங்க கூட்டிட்டுப் போனா, ஒயின ஒரு பக்கம் வெச்சிட்டு மருந்தடிக்கற மிசின் எங்கேன்னு தேடுவாருங்க."

மறுபடி எல்லாருக்கும் சிரிப்பு. மருமகள் சிரித்தாள். பேத்தி எதற்கென்று தெரியாமலே சிரித்தாள். என் மகனும் சிரித்தான் தம்பி. பல் தெரியவில்லை. ஆனால் சிரித்தான்.

சிரித்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அப்பா, நீங்க வர்றீங்கதான?" என்றான்.

அந்தச் சிரிப்புக்கு அப்புறம் கேட்டால் நான் என்ன சொல்வேன்? "நான் எதுக்குய்யா? நீங்க போயிட்டு வாங்க. ஒங்காத்தாவுக்கு இன்னும் வருசம் திரும்பல" என்றேன்.

அவன் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம், "சரிப்பா" என்றான்.

லேப்டாப் பக்கம் திரும்பினான். டக்கென்று ஒரு சத்தம். அந்த டக்கில் என் பேர் போய்விட்டது.

வருஷம் திரும்பாதது கொள்ளி வைத்த மகனுக்கும்தானே என்று நீங்கள் நினைப்பீர்கள். அவனைப் போகாதே என்று நான் சொன்னேனா? நான் சொன்னது ஒரு மரியாதைக்கு. நீங்கள் நம் பக்கத்து ஆள், உங்களுக்குத் தெரியாததா? இலையில் சோறு போட வந்தால் கையை மறித்து "போதும் போதும்" என்கிறோம். பரிமாறுகிறவன் "சரி" என்று வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால் அவன் மனுஷனா? இன்னொரு கரண்டி வைக்கிறான் இல்லையா? என் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு நான் வரமுடியாது என்றேன். பத்திரிகையில் என் பேரை மூன்றாவதாகப் போட்டிருந்தார்கள். மச்சான் மறுநாள் வந்தார், அதற்கு மறுநாள் தங்கச்சி வந்து அழுதாள், அப்புறம் ரெண்டு பேரும் வெத்தலை பாக்குத் தட்டோடு வந்தார்கள். போனேன். முதல் ஆளாகப் போய் பந்தலில் நின்றேன். கூப்பிட்டால் வராதவனா நான்? ஆனால் கூப்பிடவேண்டும்.

சரி, இன்றைக்கு சம்பந்தி இருக்கிறார், வெட்கப்படுகிறான், நாளைக்குக் கேட்பான் என்று இருந்தேன். நாளைக்குக் கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் கேட்கவில்லை. நானும் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். "அங்க குளிரு எம்புட்டு இருக்கும்?" என்று மருமகளைக் கேட்டேன். "பழத்துல இனிப்பு ஏறிருச்சான்னு நாக்குல வச்சுப் பாக்கத் தெரியணும், தெரியாதவன் போனா இலையப் பாத்துட்டுத்தான் வரணும்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். பேத்தியிடம், "அந்த வண்டியில எத்தன பேரு ஒக்காரலாம்த்தா?" என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணி, "ஏழு" என்றாள். அவர்கள் ஐந்து பேர். ஆறாவது ஆளுக்கு இடம் இருக்கிறது. அதற்கு மேலும் ஒரு இடம் இருக்கிறது. ஆக, இடம் இல்லை என்ற பேச்சே கிடையாது.

பத்து நாள் கழித்து மருமகள் வந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். "மாமா, நீங்களும் வாங்களேன். வர்றீங்கன்னா இப்பவே சொல்லுங்க மாமா, பெரிய வீடா மாத்தணும்."

"எனக்காக வீடெல்லாம் மாத்த வேணாம்மா. நான் யாருக்கும் தொந்தரவு குடுக்க மாட்டேன்."

"தொந்தரவெல்லாம் இல்ல மாமா, ஒரு போன் பண்ணாப் போதும்."

"பாக்கலாம்மா" என்றேன்.

அவள் கொஞ்சம் நின்றாள். கதவுப் பிடியைத் திருகிக்கொண்டே நின்றாள். அப்புறம் போய்விட்டாள். பாக்கலாம் என்றால் வருகிறேன் என்று அர்த்தம். ஈரோட்டில் அதற்கு வேறு அர்த்தமோ என்னமோ.

கிளம்புவதற்கு ரெண்டு நாள் முன்னால் சம்பந்தியே வந்தார். நான் நடைபாதை ஓரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் தொடையில் கை வைத்து, "சம்பந்தி, அன்னைக்கு வெளையாட்டுக்குச் சொன்னனுங்க. மனசுல வெச்சுக்காதீங்க. வாங்க போலாம். அந்தச் சின்னப் பசங்க சுத்தட்டும், நாம ரெண்டு பேரும் தண்ணி ஓரமா உக்காந்துக்கலாம். நீங்க இல்லாம அந்தத் தோட்டத்துல எனக்கு என்னங்க புரியும்?" என்றார்.

எவ்வளவு பெரிய வார்த்தை பாருங்கள். பொண்டாட்டி செத்து வருஷம் திரும்பாதவனை, குடிக்கிற இடத்தில் பக்கத்தில் உட்காரக் கூப்பிடுகிறார். "எனக்கு முழங்கால் வலிங்க" என்று எழுந்து வந்துவிட்டேன்.

என்ன தம்பி, மூன்று தடவை ஆகிவிட்டது என்கிறீர்களா? எண்ணிக்கை சரிதான். ஆனால் யார் கூப்பிட்டது என்று பாருங்கள். முதலில் கேட்டது சிரிப்போடு கேட்டது, அதைச் சேர்க்க முடியாது. மருமகள் கேட்டது வீடு மாற்றுகிற கஷ்டத்தைச் சொல்லிக் கேட்டது. சம்பந்தி கேட்டதைப் பற்றிப் பேசவே வேண்டாம். நான் யாரைப் பெற்றேன்? பாண்டியைத்தானே? அவன் வந்து, "அப்பா, நீங்க வராம நான் போக மாட்டேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பெட்டிகூட வேண்டாம், கட்டின வேட்டியோடு ஏறியிருப்பேன்.

ஒச்சம்மாவும் இப்படித்தான், எதைக் கேட்டாலும் முதலில் வேண்டாம்தான். எங்கள் ஊரிலிருந்து தேக்கடி ஏரி எவ்வளவு தூரம்? கம்பத்தில் குமுளி பஸ் ஏறினால் ஒரு மணி நேரம். எங்கெங்கிருந்தோ வந்து போட்டில் போய் யானை பார்க்கிறார்கள். கட்டி வந்ததிலிருந்து அவளுக்கு அதைப் பார்க்கவேண்டும் என்று ஆசை. பாண்டி ஒன்பதாவது படிக்கிறபோது ஒரு வெட்டுப் பழம் நல்ல விலைக்குப் போனது. மண்டிக்கார ஆட்கள் நாலு பேர் ஜீப்பில் தேக்கடி கிளம்பினார்கள். நான் வீட்டுக்கு வந்து, "என்ன, தேக்கடி வர்றியா?" என்றேன். "நான் எதுக்கு? மாட்ட யாரு பாப்பா? நீங்க போயிட்டு வாங்க" என்றாள். சரி என்று போய்விட்டேன். அவளே எங்களுக்குப் புளிச்சோறு கட்டிக் கொடுத்தாள். பெட்டி மேல் அரக்குக் கலரில் புதுச்சேலை ஒன்று மடித்து வைத்திருந்தாள். நான் கோயிலுக்கு என்று நினைத்தேன். திரும்பி வந்ததும், "ஏரி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள். "தண்ணிதான். கெடக்கு" என்றேன். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. ஆசை விட்டுப்போய்விட்டது போலிருக்கிறது. பெண்களுக்கு ஆசை வந்தால் வரும், போனால் போகும். நமக்கு அப்படியா?

எங்கே விட்டேன்? ஆண்டிபட்டிக் கணவாய் ஏறுகிறது பாருங்கள், ஜன்னலைக் கொஞ்சம் திறந்துகொள்ளுங்கள், காற்று நன்றாக இருக்கும்.

கிளம்புகிற நாள். வெள்ளிக்கிழமை காலை. நான் சீக்கிரமே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அதற்கு மேல் பாண்டி வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டரைப் போட்டு, ஷூ மாட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தேன். ஷூ மாட்டினால் கேட்பான் என்று நினைத்தேன். மனுஷனுக்குக் கண் இருக்கிறது இல்லையா?

அவன் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். என் காலைப் பார்த்தான். நின்றான். "வாக்கிங் போறீங்களாப்பா?"

"ஆமா" என்றேன்.

இன்னும் கொஞ்சம் நின்றான். வாய் திறக்கப் போகிறான் என்று நினைத்தேன். வெளியே சம்பந்தி, "மாப்ள, டிக்கி மூடலாமுங்களா?" என்று கத்தினார். போய்விட்டான். அந்த மனுஷனுக்கு நேரம் காலம் தெரியாது.

பேத்தி ஓடி வந்தாள். "தாத்தா, நீ வரல?"

"எனக்கு முழங்கால் வலிக்குதுத்தா."

"கார்தான தாத்தா. நடக்க வேணாம்."

எட்டு வயசுப் பிள்ளைக்குத் தெரிந்தது. கன்னத்தைத் தட்டி அனுப்பினேன். காலியாக இருந்த ஆறாவது இடத்தில் கம்பளிகளை அடுக்கினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் இடத்தில் கம்பளி போகிறது தம்பி, ஏரி பார்க்க.

மூன்று நாள் அந்த வீட்டில் நான் மட்டும். மருமகள் சாப்பாடு செய்து டப்பா டப்பாவாகப் பிரிட்ஜில் வைத்துவிட்டுப் போயிருந்தாள். ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டி, எனக்குப் படிக்கத் தெரியவேண்டும் என்று கொட்டை எழுத்தில் தமிழில் எழுதியிருந்தாள். வெள்ளி மதியம் ரசம் சாதம். சனி காலை உப்புமா. ஆஸ்பத்திரி நோயாளிக்குக் கொடுக்கிற மாதிரி. பக்கத்துத் தெருவில் ஜெகன் என்று ஒரு மதுரைப் பையன், ரெண்டு வேளையும் வந்து எட்டிப் பார்த்தான். பாண்டி சொல்லி அனுப்பியிருக்கிறான், காவலுக்கு. பாண்டி தினம் போன் பண்ணினான். நான் எடுக்கவில்லை. ஒரு தடவை எடுத்தேன். "சாப்பிட்டீங்களாப்பா? இங்க வந்து பாத்தா ஒங்க ஞாபகமா இருக்குப்பா" என்றான். "அப்படியா" என்று வைத்துவிட்டேன். ஞாபகம் வைத்துக்கொள்ள நான் என்ன செத்தா போய்விட்டேன்?

திங்கட்கிழமை காலை எழுந்து வந்தால் எல்லாரும் திரும்பியிருந்தார்கள். சம்பந்தி மூக்கு சிவந்து ஜலதோஷத்தோடு உட்கார்ந்திருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், பொய் சொல்ல மாட்டேன். மேசை மேல் ஒரு அட்டைப்பெட்டி. கருந்திராட்சை.

பாண்டி ஒரு குலையை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான். சின்ன வயசில் அப்படி உட்காருவான். "மோந்து பாருங்கப்பா. நம்ம பன்னீர் மாதிரியே ஒரு வாசம்."

நான் வாங்கவில்லை. ஆனால் வாசம் வந்தது. மூக்கை மூடமுடியுமா?

போனைத் திறந்து காட்டினான். ஏரிப் படம் ஒன்றோ ரெண்டோதான். மற்றதெல்லாம் கொடி தம்பி. பந்தல் கிடையாது அங்கே, வேலி மாதிரி வரிசை வரிசையாகக் கம்பியில் நிறுத்தியிருக்கிறான் தோட்டக்காரன். அந்த வரிசைக்குள் பாண்டி மண்டிபோட்டு உட்கார்ந்து, தண்டு, கணு, போன வருஷம் வெட்டின இடம், கம்பியில் கட்டின விதம், ஒவ்வொன்றாகக் கிட்டே போய் எடுத்திருக்கிறான். ஐம்பது அறுபது படம் இருக்கும்.

"ஒங்ககிட்டக் கேக்கணும்னுதான் எடுத்தேன்ப்பா. நாம கொடிய மேல ஏத்திப் படர விடுறோம், இவன் ஏன் கீழயே நிறுத்திட்டான்? இந்த வெட்டு சரியாப்பா? நீங்களா இருந்தா எங்க வெட்டுவீங்க?"

முப்பத்தொன்பது வயசில் முதல்முதலாகக் கேட்கிறான். எனக்குத் தெரியும். பார்த்த உடனே தெரிந்தது, அந்த வெட்டில் தோட்டக்காரன் ரெண்டு கணு அதிகமாக விட்டிருக்கிறான், ஏன் விட்டான் என்றும் தெரிந்தது, குளிரில் ஒன்று கருகினாலும் இன்னொன்று பிழைக்கட்டும் என்று. நாக்கு நுனி வரை வந்தது.

"எனக்கென்ன தெரியும்? நான் வீட்டுல கெடந்தவன்" என்றேன்.

அவன் போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டான். நான் விடவில்லை. இருபத்தைந்து நாள் தொண்டையில் இருந்தது. "ஒரு வார்த்த, ஒரே வார்த்த, ரெண்டாவது தடவ கூப்புட ஒனக்கு வாய் வரலயேடா" என்றேன்.

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. குலையிலிருந்து ஒரு பழத்தைத் திருகிக்கொண்டே, மெதுவாகச் சொன்னான். "தேக்கடிக்கு நீங்க அம்மாவ ரெண்டாவது தடவ கூப்பிட்டீங்களாப்பா?"

பாருங்கள் தம்பி. எங்கே இருந்து எங்கே போகிறான் பாருங்கள். இருபத்தைந்து வருஷத்துப் பேச்சு.

"அவதான் வேணாம்னா. மாட்ட யாரு பாப்பா?"

"நான் இருந்தேன்லப்பா. நான் பாத்துக்கிறேன்னு அம்மாகிட்டச் சொன்னேன். நீங்க மறுபடி கேப்பீங்கன்னு சொல்லுச்சு. ஜீப் சத்தம் போற வரைக்கும் சேலையத் தொட்டுட்டே நின்னுச்சு." பழத்தைக் குலையோடு கீழே வைத்துவிட்டு, "நீங்க வரமாட்டேன்னு சொன்னப்ப எனக்கு அதுதான் ஞாபகம் வந்துச்சு. நான் மறுபடி கேட்டிருக்கணும். தெனமும் கேக்கணும்னுதான் நெனச்சேன். வாய் வரலப்பா" என்றான்.

அவன் கண்ணில் தண்ணீர். எனக்குக் கோபம் வந்தது. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? செத்துப் போனவளை இழுத்துக்கொண்டு வந்து என்னை வாயடைக்கப் பார்க்கிறான். அவள் அன்றைக்கு அப்படிச் சொன்னாள் என்று எனக்கு யார் சொன்னது? அவள் சொல்லியிருக்கலாமே. நான் ஒன்றும் வாயில்லாப் பூச்சியைக் கட்டிக்கொள்ளவில்லை. மனசில் இருப்பதை வாயால் சொல்லவேண்டும் தம்பி. எதிரில் இருக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? நீங்களே சொல்லுங்கள்.

என்ன, வெளியே பார்க்கிறீர்கள்? சரி, விடுங்கள்.

அந்தக் கோபத்தில்தான் சொன்னேன். "டிக்கெட்ட மாத்து. நான் ஊருக்குப் போறேன்." கார்த்திகை வரைக்கும் இருக்கவேண்டியவன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் காலையில் வந்து, "நெசமாவே போகணுமாப்பா?" என்றான். நான், "சொன்னாச் சொன்னதுதான்" என்றேன். "சரிப்பா" என்றான். மருமகள் அழுதாள். சம்பந்தி ஜலதோஷத்தோடு வந்து கையைப் பிடித்து, "என்னாலதானுங்களே" என்றார். ஆமாம் என்று முகத்துக்கு நேரே சொல்ல நினைத்தேன். பெரிய மனுஷன் என்று விட்டுவிட்டேன்.

ஏர்போர்ட்டுக்குப் பாண்டி மட்டும் வந்தான். ரெண்டு மணி நேர வழி. எனக்கு ஒரு வீல்சேருக்குச் சொல்லியிருந்தான். கால் நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் இங்கிலீஷ் தெரியாதவர்களை அதில் உட்காரவைத்துவிட்டால், ஒரு ஆள் தள்ளிக்கொண்டே போய் பிளேன் வரைக்கும் விட்டுவிடுவான். நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் பெற்றவர்களுக்கு அப்படித்தான் செய்கிறார்கள்.

குனிந்து என் ஷூ கயிற்றைக் கட்டிவிட்டான். ஸ்வெட்டர் பட்டனைப் போட்டுவிட்டான். "தை மாசம் அம்மா திதிக்கு வர்றேன்ப்பா. திரும்பி வரும்போது ஒங்களையும் கூட்டிட்டு வந்துர்றேன். வர்றீங்களா?" என்றான்.

"அப்ப நான் இருக்கனோ என்னமோ" என்றேன்.

அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அதற்குள் அந்த ஆள் வண்டியைத் தள்ள ஆரம்பித்துவிட்டான். நெட்டையான கறுப்புப் பையன், நல்ல பையன்தான், ஆனால் என்ன வேகம்! நான் திரும்பவில்லை. வேண்டுமென்றேதான் திரும்பவில்லை. பின்னால் இருந்து "அப்பா" என்று ஒரு சத்தம் வரும், வந்தால் இறங்கிவிடலாம் என்று, வண்டியின் ரெண்டு கைப்பிடியையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு போகிறேன். எல்லாப் பக்கமும் சத்தம். ஒலிபெருக்கியில் எவளோ என்னமோ சொல்லிக்கொண்டே இருக்கிறாள். பெட்டிச் சக்கரம் கடகட என்கிறது. ஒரு வளைவில் திரும்பும்போது ஏதோ கேட்ட மாதிரி இருந்தது. "ப்பா" என்று. அவன்தானா, வேறு யார் பிள்ளையாவதா, தெரியவில்லை. மெதுவாகப் போ என்று அந்தப் பையனிடம் எந்தப் பாஷையில் சொல்ல?

கூப்பிட்டும் இருப்பான் தம்பி. அவன் கூப்பிடவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன், பெத்த பிள்ளை மேல் வீண்பழி போடக்கூடாது. ஆனால் கூப்பிட்டவன், அப்பன் திரும்பவில்லை என்று தெரிந்தால், இன்னொரு தடவை கூப்பிட வேண்டாமா? கொஞ்சம் சத்தமாக? அந்த இன்னொரு தடவையை அவன் எனக்கு இன்னும் தரவில்லை.